சஸ்பென்ஷன்ல வேலை இருக்கான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? கேட்டதும் சொன்னதும்

கார் சஸ்பென்ஷன் (சக்கரத்தையும் பாடியையும் இணைச்சு, பள்ளத்தோட அதிர்ச்சிய தாங்குற பாகங்கள்) வேலை பல வருஷமா பாக்குறேன், டவுட் இருந்தா கேளுங்க. சத்தம்னா எந்தப் பக்கம், எப்போ வருதுன்னு சேர்த்து எழுதுங்க, திருப்பும்போதா, பிரேக் போடும்போதா, பள்ளத்துலயா, பாதி பதில் அதுலயே கெடச்சுரும்.

கேள்வி: அண்ணே, மெதுவா போகும்போது சின்ன பள்ளத்துல கூட முன்பக்கம் டக் டக்னு சத்தம். ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்தணும்னு சொல்றாங்க, மாத்திடவா?

பதில்: இருங்க தம்பி, அவசரப்படாதீங்க. ஸ்பிரிங்கோட ஆட்டத்தை அடக்குறதுதான் ஷாக், அது போனா பெரும்பாலும் சத்தத்தை விட ஆட்டம்தான் முதல்ல தெரியும். நீங்க சொல்ற சத்தத்துக்கு நான் முதல்ல கை வைக்கிறது ஸ்டெபிலைசர் லிங்க் ராடுலதான், வளைவுல வண்டி சாயாம பிடிக்குற ஸ்டெபிலைசர் கம்பிய சக்கரப் பக்கத்தோட இணைக்குற சின்ன தண்டு அது. ரெண்டு முனையிலயும் நெல்லிக்கா சைஸ்ல ஒரு ஜாயிண்ட் இருக்கும், அது மேல இருக்க ரப்பர் கிழிஞ்சா மண்ணும் தண்ணியும் உள்ள போய் கிரீஸ் காலியாகி லூசாயிரும். இதுல ஒண்ணு கவனிங்க, ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு தூக்கினா ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கிட்டு லிங்கை இழுத்துப் பிடிச்சுக்கும், அப்போ எவ்வளவு ஆட்டினாலும் லூசு தெரியாது, ரெண்டு சக்கரமும் தரையில இருக்கும்போது பிடிச்சு ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க. வேற எங்கயோ ரெண்டு ஷாக்கும் புதுசா மாட்டிட்டு அதே சத்தத்தோட என்கிட்ட வந்த வண்டி உண்டு, லிங்க் ராடு மாத்தினதும் சத்தம் நின்னுச்சு. அந்த ஓனர் முகத்தைப் பாக்க கஷ்டமா இருந்துச்சு.

கேள்வி: அப்போ ஷாக் போச்சுன்னு எப்படி தெரியும் சார்? பானட்டை அமுக்கி விட்டுப் பாத்தா போதுமா?

பதில்: அமுக்கி விட்டதும் ஒரு தடவை மேல வந்து நின்னுரணும், ரெண்டு மூணு தடவை ஆடினா ஷாக் செத்துப் போச்சு. ஆனா பாதி தேஞ்ச ஷாக் இந்த டெஸ்ட்ல பாஸ் ஆயிரும், அதனால இதை மட்டும் நம்பாதீங்க. பிரேக் போட்டா மூக்கு ரொம்ப குத்துதா, ஸ்பீட் பிரேக்கர் தாண்டின பிறகும் வண்டி தொட்டில் மாதிரி ஆடுதா பாருங்க. வண்டிய நிறுத்திட்டு டயர் மேல உள்ளங்கைய வச்சு மெதுவா சுத்திலும் தடவுங்க, மேடும் பள்ளமுமா அலை மாதிரி தட்டுப்பட்டா ஷாக் மேலதான் முதல் சந்தேகம். ஷாக் மேல லேசான எண்ணெய்ப் படலம் இருந்தா பயப்பட வேண்டாம், நனைஞ்சு வழிஞ்சு அதுல புழுதி அப்பிக் கிடந்தா மாத்திடுங்க, அதே ஆக்சில்ல (முன்னாடினா முன்னாடி, பின்னாடினா பின்னாடி) ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க. இது கொஞ்சம் கொஞ்சமா தேயுறதால தினமும் ஓட்டுறவங்களுக்கு தெரியாமலே பழகிரும், எப்பவாச்சும் ஓட்டுற ஆள்கிட்ட வண்டிய குடுத்துக் கேளுங்க, டக்னு சொல்லிருவாங்க.

கேள்வி: ரெண்டு தடவை வீல் அலைன்மெண்ட் (சக்கரங்களோட கோணம் சரி பண்றது) பண்ணியும் வண்டி ஒரு பக்கமாவே இழுக்குது ப்ரோ.

பதில்: முதல்ல காத்து செக் பண்ணுங்க. அப்புறம் முன் டயர் ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்க, இழுக்குற பக்கம் மாறினா கோளாறு டயர்ல (ஒரே திசையில சுத்துற டயர்னா இதை செய்யாதீங்க). மாறலைன்னா, அதுவும் பிரேக் போடும்போது அதிகமா இழுத்தா, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்குற கீழ்க் கை பாடியோட சேர்ற இடத்துல இருக்க ரப்பர்) கிழிஞ்சிருக்கான்னு பாக்கணும், பிரேக்கையும் ஒரு தடவை பாத்துடுங்க. புஷ் கிழிஞ்சு கிடக்கும்போது அலைன்மெண்ட் பண்றது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற மாதிரிதான். புது புஷ் போட்டா, வண்டி வெயிட் சக்கரத்து மேல நிக்கும்போதுதான் போல்ட்டை கடைசியா டைட் பண்ணணும். தொங்கும்போதே டைட் பண்ணிட்டா கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சிரும். இதை தயங்காம கேட்டு வாங்குங்க.

கேள்வி: வண்டி ஒரு ஓரமா இறங்கி நிக்குற மாதிரி தெரியுது.

பதில்: சமதரையில நிறுத்தி, சக்கரத்தோட நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளங்க. நல்ல வித்தியாசம் இருந்தா ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கலாம், அடிச் சுத்துல ஒடஞ்சா மேலோட்டமா பாத்தா தெரியாது. ஒடஞ்ச முனை டயரைக் கிழிச்சிரும், ஓட்டாதீங்க. வீட்ல கழட்டவும் வேண்டாம், அமுங்கி இருக்க ஸ்பிரிங் தெறிச்சா ஆளையே காலி பண்ணிரும்.

கேள்வி: ஸ்பீடு ஏற ஏற 'ஊம்'னு சத்தம்?

பதில்: பெரும்பாலும் வீல் பேரிங் இல்லன்னா டயர். சஸ்பென்ஷன் இல்ல.

கேள்வி: பால் ஜாயிண்ட் லேசா லூசுன்னு சொல்லிட்டாங்க அண்ணா, லாங் டிரிப் ஒண்ணு இருக்கு, போயிட்டு வந்து பாத்துக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. ஒடஞ்ச ஸ்பிரிங்கைத் தவிர மத்ததுக்கெல்லாம் நாலு நாள் டைம் குடுக்கலாம், இதுக்கு குடுக்க மாட்டேன். சக்கரத்தை லோயர் ஆர்மோட பிடிச்சிருக்க மூட்டு அது, கழண்டா சக்கரம் வெளிய மடங்கிரும், ஸ்டியரிங் உங்க கையில இருந்தும் பிரயோஜனம் இல்ல. முதல்ல அதை மாத்தி அலைன்மெண்ட் பண்ணிட்டு அப்புறம் கிளம்புங்க.