குழியைக் குறிக்கலாமா?

வணக்கம் ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துத்தான், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கினேன். எங்கள் ஊரிலிருந்து ரயில்வே சுரங்கப்பாதை வரை பதினான்கு குழிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பைக்கில் அலைந்து ஒவ்வொன்றையும் ‘ஆபத்து’ என்று குறித்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் காலனித் தெருவை ‘இரவில் பாதுகாப்பற்றது’ என்றும் போட்டேன். மூன்றே நாளில் யாரோ எல்லாவற்றையும் அழித்துவிட்டார். கேட்டதற்கு, ‘தற்காலிகமானவற்றைக் குறிக்க வேண்டாம்’ என்று ஒரு வரி. நாளைக்குக் குழியில் விழுந்து ஒருவருக்குக் கால் முறிந்தால் அந்த விதி வந்து மாவுக்கட்டுப் போடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போடாது. ஆனாலும் நான் அழித்தவர் பக்கம்தான். ஒரு வரியில் விரட்டியது மட்டும் அவர் பிழை. புதிதாக வந்தவருக்கு நான்கு வரி எழுதியிருந்தால் குறைந்தா போயிருப்பார்?

வேஸ் போன்ற வழிகாட்டும் செயலியில் ஓட்டுநர் குழியைப் பற்றித் தகவல் கொடுத்தால், பின்னால் வருகிறவர்கள் ‘இல்லை’ என்று சொல்லச் சொல்ல அது தானாகவே மறைந்துவிடும். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அப்படி எதுவும் மறையாது. ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்தால்தான் போகும். போதாததற்கு, ஓஸ்மாண்ட் மாதிரியான செயலிகளில் இந்த வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் புதுப்பிக்காமல் ஓட்டுகிறவர்கள் ஏராளம். உங்கள் குழியைத் தேர்தலுக்கு முன் தார் ஊற்றி மூடிவிடுவார்கள். புதுப்பிக்காதவர்கள் கைப்பேசியில் அது வாய் பிளந்தபடியே கிடக்கும்.

நானே பட்டிருக்கிறேன். சிறுபாலம் வேலைக்காக வெட்டிப் போட்டிருந்த ஒரு சாலையை ‘அடைப்பு’ என்று குறித்துவிட்டு மறந்துபோனேன். வேலை இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டது. அடுத்த ஆடியில் குலதெய்வம் கோயிலுக்குப் புறப்பட்ட என் மைத்துனரின் வேன் பதினொரு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனது. பொங்கலே ஆறிப்போயிருந்தது. குறித்தது யார் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

குழிகளுக்கு ஒரு வழி உண்டு. தனித்தனியாகப் புள்ளி வைக்காமல், அந்தச் சாலைத் துண்டு முழுவதற்கும் மேற்பரப்பின் தரத்தைக் குறியுங்கள். ‘மோசம்’ என்பதற்கு அதில் இடம் இருக்கிறது. பதினான்கு குழி உள்ள சாலை இன்னும் சில காலத்துக்கு மோசமாகத்தான் இருக்கும். கூடவே ஊராட்சிக்கு ஒரு மனு எழுதுங்கள். குழியை மூட வேண்டியவர்கள் வரைபடம் பார்ப்பதில்லை.

வேகத்தடை வேறு வகை. போட்டால் எளிதில் போகாது. சிறு சாலைகளில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று, சாலைகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இலேயே வழிகாட்டியிருக்கிறது. நம் தெருவில் இருப்பதோ, யாரோ ராத்திரியோடு ராத்திரியாகச் சிமென்ட் குழைத்துப் போட்ட முழங்கால் அகல மேடு. வெள்ளைக் கோடும் கிடையாது. இதைக் கட்டாயம் குறியுங்கள். அகன்ற மேட்டுக்கும் குறுகிய மேட்டுக்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் இருக்கின்றன. புள்ளியைச் சாலைக் கோட்டின் மேலேயே வையுங்கள். புதியவர்கள் பலர் கோட்டுக்கு ஒரு மயிரிழை தள்ளி வைத்துவிடுகிறார்கள். பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால் கோட்டோடு சேராத புள்ளியைச் செயலி அந்தச் சாலையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளாது, எச்சரிக்கவும் செய்யாது.

மலைப்பாதைக்குப் போனால் வளைவுக்கு வளைவு ஆபத்துக் குறி போட வேண்டாம். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எழுபது முறை எச்சரித்தால் ஓட்டுகிறவர் பத்தாவதிலேயே ஒலியை அணைத்துவிடுவார். வளைவைப் போதுமான புள்ளிகளோடு ஒழுங்காக வரைந்தாலே போதும், கோடே சொல்லிவிடும். பாறை சரியும் இடம், யானை கடக்கும் இடம் என்று நெடுஞ்சாலைத் துறையோ வனத்துறையோ பலகை நட்டிருந்தால் அதைக் குறிக்கலாம். இன்னொருவர் போய்ப் பார்த்துச் சரி என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

காலனித் தெருவுக்கு வருகிறேன். அழித்தவர் அதை எடுத்தது மிகச் சரி. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. அங்கே என்ன பார்த்தீர்கள்? தெருவிளக்கு இல்லையென்றால் விளக்கில்லை என்று குறியுங்கள், அது உண்மை. ‘பாதுகாப்பற்றது’ என்பது அங்கே குடியிருப்பவர்களைப் பற்றி நீங்கள் எழுதும் சான்றிதழ். நம் ஊர்களில் ‘காலனி’ என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். அந்தத் தெருவுக்கு ஆட்டோ வராது என்று சொல்ல ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். வரைபடமும் சேர்ந்துகொள்ள வேண்டுமா?

நீங்கள் உண்மையிலேயே குறித்திருக்க வேண்டிய ஆபத்து உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது: அந்தச் சுரங்கப்பாதை. 2019 ஜனவரியோடு அகல ரயில் பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் ஒழிந்தன. பல இடங்களில் அவற்றுக்குப் பதிலாக வந்தவை இந்தச் சுரங்கப்பாதைகள். ஐப்பசி மழையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ஆண்டுதோறும் நிற்பதால் அது தற்காலிகம் ஆகாது, ‘வெள்ளம் தேங்கும் இடம்’ என்றே குறிக்கலாம். ஆற்றுத் தரைப்பாலங்களுக்கும் இதே கதைதான்.

உங்கள் ஊரைத் திறந்து பார்த்தேன். பழைய கேட் இன்னும் லெவல் கிராசிங்காகவே நிற்கிறது, சாலை தண்டவாளத்தின் மேலேயே போகிறது. அதை எடுத்துவிட்டுச் சாலையைத் தண்டவாளத்துக்குக் கீழே விடுங்கள். நுழைவில் இரும்புத் தடுப்பு நிறுத்தி உயரத்தை எழுதியிருப்பார்கள். அடுத்த முறை போகும்போது அந்த எண்ணைப் படம் எடுத்து வாருங்கள். வைக்கோல் லாரிக்காரர்களுக்கு அது தேவைப்படும்.