பழைய சிஓடூ மெஷினுக்கு யூரோ டார்ச் மாட்டலாமா?

கேள்வி: எங்கள் பட்டறையில் 200 ஆம்பியர் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மிக் (சிஓடூ) வெல்டிங் மெஷின் ஒன்று ஓடுகிறது. அதன் டார்ச் கேபிள் முன்தகடு வழியாக உள்ளே போய் ஃபீடரில் (ரோலர் வைத்து வயரைத் தள்ளும் பகுதி) நேராக போல்ட் ஆகியிருக்கிறது. இந்த டார்ச்சுக்கு இப்போது உதிரிபாகம் கிடைப்பதில்லை. முன்தகட்டு சாக்கெட்டில் மாட்டிக் கழற்றும் யூரோ டார்ச்சுக்கு மாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் சாக்கெட் வாங்கக் கிளம்பும் முன் பழைய டார்ச்சின் கைப்பிடியைக் கழற்றிப் பாருங்கள். கேஸ் ஹோஸ், ட்ரிக்கரை ஒட்டிய ஒரு சின்ன வால்வில் வந்து முடிகிறதா? விலை குறைந்த பழைய மெஷின்கள் சிலவற்றில் கேஸைத் திறந்து மூடுவதே அந்த வால்வுதான். யூரோ டார்ச்சில் அது கிடையாது. அப்படியே மாட்டினால், சிலிண்டரைத் திறந்ததிலிருந்து கேஸ் வீணாகப் போய்க்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட மெஷின் என்றால் உள்ளே ஒரு சோலனாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) வைத்து, ட்ரிக்கர் அழுத்தும்போது திறக்கும்படி வயரிங் செய்ய வேண்டும். அதன் காயில், மெஷினின் கன்ட்ரோல் வோல்டேஜுக்குப் பொருந்த வேண்டும். 24 வோல்ட் ஏசி காயில் வேறு, டிசி காயில் வேறு.

ட்ரிக்கர் வயர்களையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையிலும், ஒவ்வொன்றுக்கும் பாடிக்கும் இடையிலும் குறைந்த வோல்டேஜ்தான் இருக்க வேண்டும். மெயின்ஸ் வோல்டேஜ் காட்டினால் அதை டார்ச் வரை கொண்டுபோகவே கூடாது. தனி டிரான்ஸ்ஃபார்மரும் ரிலேயும் போட்டுப் பிரித்த பிறகுதான் மேற்கொண்டு வேலை.

இனி சாக்கெட். யூரோவில் வெல்டிங் வயர், கேஸ், கரண்ட் எல்லாமே ஒரே பித்தளைக் கட்டை வழியாகப் போகின்றன. ட்ரிக்கருக்கு மட்டும் பக்கத்தில் இரண்டு ஸ்பிரிங் பின். அதாவது அந்தக் கட்டை முழுக்க வெல்டிங் கரண்ட் இருக்கும். அது முன்தகட்டை எங்கும் தொடக் கூடாது. கூடவே வரும் பிளாஸ்டிக் ஃபிளாஞ்சை மட்டும் நம்பாமல், தகட்டின் பின்னால் ஒரு ஹைலம் (கரண்ட் கடத்தாத கெட்டியான அட்டை) துண்டும் வையுங்கள். பழைய மெஷின்களில் முன்தகடு மெலிசு, டார்ச்சை இழுக்கும்போதெல்லாம் வளையும். பழைய கேபிள் போல்ட் ஆகியிருந்த இடத்திலிருந்து கட்டைக்கு 35 ஸ்கொயர் எம்எம் கேபிளில், முனைகளில் லக் (போல்ட் போடும் உலோக முனை) அடித்து, குட்டையாக ஒரு இணைப்பு போதும்.

இந்த வேலையில் பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில். ரோலரின் பள்ளமும் சாக்கெட்டின் நடுத்துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். முதலில் ஓட்டை போட்டுவிட்டு அப்புறம் ஃபீடரை நகர்த்திச் சரிசெய்து கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஃபீடரிலிருந்து ஒரு நேரான கம்பியைத் தகடு வரை நீட்டி, அது தொடுகிற இடத்தைக் குறித்து, அங்கே ஓட்டை போடுங்கள். வயரை ரோலரிலிருந்து சாக்கெட்டுக்குக் கொண்டுபோகும் கைடு டியூபின் நுனியைப் பென்சில் சீவுவதுபோல் கூராக்கி, ரோலருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை கொண்டுவர வேண்டும். இடைவெளி கூடினால் 0.8 மில்லிமீட்டர் வயர் அங்கேயே மடங்கிச் சுருண்டுகொள்ளும். அதைப் பார்த்துவிட்டு ரோலர் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள், பயன் இருக்காது. டார்ச்சை மாட்டாமல் வயரை ஓட்டிப் பாருங்கள்: சாக்கெட்டின் நடுவில், எங்கும் உரசாமல் நேராக வர வேண்டும்.

பிளக்கைக் கழற்றியதும் உடனே உள்ளே கை வைக்காதீர்கள், கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். வேலை முடிந்ததும் கட்டைக்கும் பாடிக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை மீட்டரில் உறுதிசெய்து, கேஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

டார்ச் எது வாங்குவது? 15 டைப்புக்கு 60 சதவீத டியூட்டியில் (பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெல்டிங்) சிஓடூவில் 180 ஆம்பியர், ஆர்கான் கலவையில் 150. தகடு, ஸ்கொயர் டியூப் வேலைக்கு அது போதும். அடிக்கடி மெஷினை முழுக்க ஏற்றி ஓட்டுவீர்கள் என்றால் 24 டைப் வாங்குங்கள். நீளம் 3 மீட்டரே போதும். பழைய ஃபீடர் மோட்டார் 5 மீட்டர் லைனருக்குள் (டார்ச் கேபிளின் உள்ளே வயர் ஓடும் குழாய்) வயரைத் தள்ளத் திணறும்.