ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறாதீர்கள்: குழந்தைகளின் சிறுநீர்ப் பரிசோதனை, கேள்வி பதில்

குழந்தைகளுக்கான ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். சென்னை அம்மா அப்பாக்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, மூன்று வயதுப் பையனுக்கு 102 டிகிரி ஜுரம். அன்று எடுத்த சிறுநீரில் புரோட்டீன் 1+ என்று வந்திருக்கிறது. கிட்னி போய்விட்டதா? (வேளச்சேரி)

இல்லம்மா. ஜுரம் அடிக்கும்போதும், நன்றாக ஓடியாடிய பிறகும் கொஞ்சம் புரோட்டீன் இறங்குவது சகஜம். உடம்பு தேறி ஓரிரு வாரம் கழித்து, காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைப் பிடித்துக் கொடுங்கள். அதிலும் இருந்தால்தான் அடுத்த கட்டம். நடுவில் முகமோ காலோ வீங்கினாலும், சிறுநீர் சிவந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைப் பாருங்கள்.

டாக்டர் 'புரோட்டீன் கிரியேட்டினின் விகிதம்' எழுதியிருக்கிறார். எதற்கு இரண்டு? (பெரம்பூர்)

நல்ல கேள்வி. மே மாத வெயிலில் எங்களிடம் வரும் சாம்பிள்கள் அடர் மஞ்சள் நிறத்தில் இருக்கும். தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் எல்லாமே அடர்த்தியாகிவிடும், புரோட்டீனும் அதிகம் போலத் தெரியும். ரசத்தில் தண்ணீர் கூடினால் உப்பும் குறையும், புளியும் குறையும். உப்புக்கும் புளிக்கும் உள்ள கணக்கு மட்டும் மாறாது. அதே கணக்குதான் இது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது, தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும். அதோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இந்த விகிதம் 0.2க்குக் கீழே இருக்க வேண்டும். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 0.5 வரைக்கும் சரி. சின்னக் குழந்தைக்குத் தசை குறைவு, கிரியேட்டினினும் குறைவு, அதனால் விகிதம் ஏறித் தெரியும். பெரியவர்கள் அளவை வைத்துக் கைக்குழந்தை ரிப்போர்ட்டைப் படிக்காதீர்கள். 2ஐத் தாண்டினால் மட்டும் தாமதிக்கவே கூடாது.

எட்டு மாதப் பாப்பா. டயப்பரைப் பிழிந்து கொடுக்கலாமா? (ஆவடி)

வேண்டாம் சார். பால் கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து, சுத்தம் செய்து, மடியில் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் அடிவயிற்றை மெதுவாகத் தடவுங்கள். பல குழந்தைகள் சில நிமிடங்களில் சிறுநீர் கழித்துவிடும். ஒரு பாட்டி ஒரு கையில் பேத்தி, மறு கையில் டப்பா என்று பொறுமையாக உட்கார்ந்து பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமான சாம்பிள் எங்களுக்கு அபூர்வம். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வர முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மகளுக்கு இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் வருகிறது. சிறுநீரை ஏன் இவ்வளவு கவனிக்கிறார்கள்? (ராயபுரம்)

இதயம் சரியாக ரத்தம் அனுப்பினால்தான் கிட்னிக்கு வேலை ஓடும். ஆபரேஷனின்போது இதய நுரையீரல் இயந்திரத்தில் இருக்கும் நேரம் கிட்னிக்குச் சோதனையான நேரம். கிட்னி பாதிக்கப்பட்டால் ரத்தக் கிரியேட்டினின் ஏறுவதற்கு ஒன்றிலிருந்து மூன்று நாள்கூட ஆகலாம். சிறுநீரில் வரும் என்ஜிஏஎல் என்ற புரதம் அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இப்படி ஆபரேஷன் ஆன 71 குழந்தைகளைப் பார்த்தார்கள். கிட்னி பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டே மணி நேரத்தில் அது ஏறியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது.

ஆனால் இந்தப் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடையாது. அதனால்தான் நர்ஸ் மணிக்கு மணி சிறுநீரை அளந்து எழுதுகிறார். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே பல மணி நேரம் போனால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். இதயத்தின் களைப்பைப் பார்க்க ரத்தத்தில் பிஎன்பி (இதயம் சிரமப்படும்போது ஏறும் ஒரு பொருள்), அப்புறம் எக்கோ என்ற இதய ஸ்கேன். அதைச் சிறுநீரை வைத்து முடிவு செய்வதில்லை.

குறைமாதத்தில் பிறந்தவன், இப்போது நான்கு வயது. கிட்னிக்காக ஏதாவது பார்க்க வேண்டுமா? (அம்பத்தூர்)

கிட்னியின் வடிகட்டிகள் சுமார் 36 வாரம் வரை உருவாகும். முன்பே பிறந்தால் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், இருப்பவை கூடுதலாக உழைக்கும். வருடத்துக்கு ஒரு முறை, கைக்கேற்ற பட்டையால் ரத்த அழுத்தமும் காலைச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரோட்டீனும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பையனுக்கு நெஃப்ரோடிக், அதாவது சிறுநீரில் புரோட்டீன் நிறைய இறங்கும் கிட்னி நோய். வீட்டிலேயே ஸ்ட்ரிப்பில் பார்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (மயிலாப்பூர்)

தினமும் காலையில் ஸ்ட்ரிப்பைச் சிறுநீரில் நனைத்து, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் ஆனதும் வெளிச்சத்தில் நிறம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று நாள் 3+ என்றால் நோய் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம், டாக்டரைக் கூப்பிடுங்கள். டப்பாவைக் குளியலறையில் வைக்காதீர்கள், நம்ம ஊர் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.