இதயத் துடிப்புக்கு அப்லேஷன், பக்கவாதத்துக்கு மூடி: ஒரே நாளில் செய்யலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, பி.பி., சர்க்கரை உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதய மேலறை தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடம் மலத்தில் ரத்தம் போனது. அப்லேஷன் செய்யும்போதே இதயத்தில் ஒரு பையையும் அடைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். துடிப்பு சீரானபின் ரத்தம் ஏன் கட்டும்? (ஈரோடு வாசகி)

பதில்: சீரான துடிப்பு அப்படியே நிற்கும் என்று உறுதி இல்லை. அப்லேஷனில் நுரையீரல் சிரைகளின் வாயைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி, அங்கிருந்து கிளம்பும் கோளாறான மின்தூண்டலைத் தடுக்கிறார்கள். பிறகும் கோளாறு எட்டிப் பார்க்கலாம். பல நேரம் நோயாளிக்கே தெரியாது. அதனால் மாத்திரையை நிறுத்தலாமா என்பதை ஈ.சி.ஜி.யைப் பார்த்து முடிவு செய்வதில்லை, பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண்ணைப் பார்த்தே செய்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு 65 தாண்டியதற்கு 1, பி.பி.க்கு 1, சர்க்கரைக்கு 1, ஆக 3. ஆண்களுக்கு 2 வந்தாலே மாத்திரை தொடர வேண்டும்.

வால்வு நோய் இல்லாதவர்களுக்கு இடது மேலறையில் உண்டாகும் ரத்தக் கட்டிகளில் சுமார் 90 சதவீதம் 'அபெண்டேஜ்' என்ற சிறு பையில்தான் உருவாகின்றன. வாட்ச்மேன் போன்ற கருவி அதன் வாயை அடைக்கிறது.

2024-இல் வெளியான 'ஆப்ஷன்' ஆய்வில் அப்லேஷன் செய்துகொண்ட 1,600 பேரில் பாதிப் பேருக்கு மூடி, பாதிப் பேருக்கு மாத்திரை. மூன்று ஆண்டுகளில் மரணம், பக்கவாதம், உடலின் வேறிடத்தில் கட்டி அடைப்பது மூன்றும் சேர்ந்து மூடிக்காரர்களுக்கு 5.3 சதவீதம், மாத்திரைக்காரர்களுக்கு 5.8 சதவீதம், கிட்டத்தட்ட ஒன்றுதான். சிகிச்சையோடு தொடர்பில்லாத, மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவுக்கான ரத்தக்கசிவு மூடிக்காரர்களுக்கு 8.5 சதவீதம், மாத்திரைக்காரர்களுக்கு 18.1. ஆனால் பெரிய ரத்தக்கசிவை மட்டும், சிகிச்சையின்போது நேர்ந்ததையும் சேர்த்து எண்ணினால் 3.9-க்கு 5.0, பெரிய இடைவெளி இல்லை. விளம்பரங்களில் 8.5-க்கு 18.1 என்ற கணக்குதான் பளிச்சென்று தெரியும். மாத்திரை ஒத்துக்கொள்கிறவர் அவசரப்பட வேண்டாம். உங்கள் அப்பாவுக்கு ஒருமுறை ரத்தம் போயிருப்பதால் யோசிக்க நியாயம் இருக்கிறது. முதலில் கொலனோஸ்கோப்பி செய்து காரணத்தைக் கண்டுபிடியுங்கள். மூலமோ பாலிப்போ என்றால் அதைச் சரிசெய்வதே போதுமானதாக இருக்கலாம்.

கேள்வி: ஒரே நாளில் இரண்டும் செய்தால் ஆபத்து கூடாதா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: ஒரு மயக்கமருந்து, தொடையில் ஒரே சிரை, இதயத் தடுப்புச் சுவரில் ஒரே துளை. இவை லாபம். சிக்கல் நுணுக்கங்களில் இருக்கிறது. மூடிக்கு அந்தத் துளை சற்றுக் கீழாகவும் பின்னாகவும் விழவேண்டும். அப்லேஷன் வசதியை மட்டும் பார்த்துத் துளைத்தால் பிறகு மூடியைக் கொண்டுசெல்லும் உறைக்குழாய் பைக்குள் கோணலாகத்தான் போகும்.

பெரும்பாலும் அப்லேஷன் முதலில், மூடி பின்னால். இடது மேல் நுரையீரல் சிரைக்கும் பைக்கும் நடுவே ஒரு வரப்பு உண்டு. அப்லேஷனின் சூடு பட்டதும் அது வீங்கும். பையின் வாய் சிறிதாகத் தெரியும். அந்த அளவுக்கு மூடி வைத்தால் வீக்கம் வடிந்தபின் ஓரத்தில் இடைவெளி விழும். அதனால் அப்லேஷனுக்கு முன்பே அளந்துவைப்பது நல்லது. இன்னொரு கண்ணி: பட்டினி கிடந்து நீர் வற்றியவருக்கும் பை சுருங்கித் தெரியும். சலைன் ஏற்றி, மேலறை அழுத்தம் 10-12 மி.மீ. வந்தபின் அளக்க வேண்டும். வாட்ச்மேன் எஃப்.எல்.எக்ஸ். 20 முதல் 35 மி.மீ. வரை ஐந்து அளவுகளில் வருகிறது. உட்கார்ந்தபின் 10 முதல் 30 சதவீதம் அமுங்கியிருக்க வேண்டும். இழுத்துப் பார்த்து, நகராவிட்டால்தான் விடுவிப்பார்கள். முன்னதாக எடுத்த எக்கோவிலோ சி.டி.யிலோ பைக்குள் கட்டி தெரிந்தால் இரண்டுமே தள்ளிப்போகும்.

இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவது, கருவி நழுவுவது, தொடையில் ரத்தம் கட்டுவது ஆகியவை அன்றே தெரியக்கூடியவை. தாமதமாக வருவதுதான் பயங்கரம்: ஒன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, பேச்சுக் குழறல் வந்தால் உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். அபூர்வம்தான், ஆனாலும் உடனே அப்லேஷன் செய்த மருத்துவமனைக்கே ஓடுங்கள். எண்டோஸ்கோப்பி செய்யவிடாதீர்கள், உள்ளே ஊதும் காற்று மூளைக்குப் போய்விடும். நெஞ்சு சி.டி.தான் சரி.

கேள்வி: மூடி வைத்த மறுநாளே மாத்திரையை விடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: கூடாது. அப்லேஷன் புண் ஆறவும் கருவியின் மேல் தோல் படரவும் மாத்திரை வேண்டும். ஆப்ஷன் ஆய்வில் சுமார் 3 மாதம் மாத்திரை, பிறகு ஓராண்டு வரை ஆஸ்பிரின். இடையில் உணவுக்குழாய் வழி எக்கோ எடுப்பார்கள். ஓரக்கசிவு 5 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ கருவிமேல் கட்டி தெரிந்தாலோ மாத்திரை நீடிக்கும். மூன்று மாதம்கூட மாத்திரை சாப்பிடவே முடியாதவருக்கு இந்தக் கூட்டுச் சிகிச்சை ஒத்துவராது.

கேள்வி: அம்மாவுக்கு ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. மூடி வைக்கலாமா? (திருவண்ணாமலை வாசகி)

பதில்: வேண்டாம். இந்நோயில் கட்டி பைக்கு வெளியேயும் உண்டாகும். வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரைதான். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும்.