இரண்டாம் வகுப்பு மகள் பாடத்தைக் கவனிப்பதில்லை என்கிறார்கள், வீட்டில் நான்காம் வகுப்புக் கணக்கைப் போடுகிறாள். டபுள் ப்ரமோஷன் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் அவளுடைய நோட்டுகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அபாரத் திறமையுள்ள பிள்ளை என்றால் முதல் ரேங்க் வாங்கும், சொன்ன பேச்சு கேட்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வகுப்பில் நான் பார்ப்பது வேறு. என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி கூட்டல் கணக்குகளைப் பாதியில் விட்டுவிடுவாள், கையெழுத்தோ கோழிக் கிறுக்கல். அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன சதுரங்கள் இருந்தன. கீழே 1, 4, 9, 16 என்று எழுதி, இடையிடையே 3, 5, 7 என்று குறித்திருந்தாள். என்னவென்று கேட்டேன். "மேல ஒரு வரிசை, பக்கத்துல ஒரு வரிசை, மூலைக்கு ஒண்ணு. அதான் ரெண்டு ரெண்டா கூடுது மிஸ்" என்றாள். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண்கள் வரும் என்பதை, யாரும் சொல்லித்தராமல் தானே கண்டுபிடித்திருக்கிறாள். அவளிடம் ஒரே மாதிரி இருபது கூட்டல் கணக்கைக் கொடுத்தால் பாதியில் விடாமல் வேறென்ன செய்வாள்?

உங்கள் மகள் "பூஜ்யத்துக்குக் கீழே என்ன இருக்கு?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான்காம் வகுப்புக் கணக்கைப் போடுவதைவிட எனக்கு இதுதான் பெரிய அடையாளமாகப் படுகிறது. கணக்கு போடுவதைப் பயிற்சியில் கொண்டுவந்துவிடலாம், இந்தக் கேள்வி அப்படி வராது. பல்லாங்குழியில் தோற்றால் அரைமணி நேரம் அழுகிறாள் என்றும் சொல்கிறீர்கள். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. அறிவு நான்காம் வகுப்புக்குப் போயிருந்தாலும் அழுகை ஏழு வயது அழுகைதான். டபுள் ப்ரமோஷனுக்கு நான் தயங்குவதும் இதனால்தான்.

கணித மேதை டெரன்ஸ் டாவோ ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வளர்ந்தவர். ஏழு வயதிலேயே உயர்நிலைப்பள்ளிக் கணக்கு வகுப்புக்குப் போனவர். ஆனால் எல்லாப் பாடத்திலும் அவரை ஒரே தாவாகத் தூக்கிவிடவில்லை. கணக்குக்கு ஒரு வகுப்பு, மற்ற பாடங்களுக்கு வேறு வகுப்பு என்று அந்தந்தப் பாடத்தில் அவருடைய வேகத்துக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். நம் பள்ளிகளில் கால அட்டவணை அவ்வளவு வளையாது என்பது தெரியும். அதற்குள்ளேயே செய்ய ஒரு வழி இருக்கிறது.

வகுப்பாசிரியரிடம் "என் பிள்ளை மேதை" என்று ஆரம்பிக்காதீர்கள், நோட்டைக் காட்டுங்கள். பயிற்சியில் கடைசியாக வரும் கடினமான ஐந்து கணக்கை முதலில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு அவள் வேறு புதிர் ஒன்றைப் போடட்டும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமாளிக்கும் ஆசிரியருக்கும் இது கூடுதல் சுமையாக இருக்காது. ஒரே ஒரு விஷயம்: சீக்கிரம் முடித்ததற்குப் பரிசாக இன்னும் இருபது கணக்கு வந்துவிடக் கூடாது. அப்படி வந்தால் மெதுவாகப் போடுவதே புத்திசாலித்தனம் என்று அவள் கற்றுக்கொள்வாள்.

வீட்டில் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை முன்கூட்டியே முடிக்க வேண்டாம். தெரிந்த கணக்கையே வேறு வழியில் போட முடியுமா, ஏன் அப்படி வருகிறது என்று கேளுங்கள். விருந்தாளிகள் முன்னால் வாய்ப்பாடு ஒப்பிக்கவும் வைக்காதீர்கள். மதுரை என்கிறீர்களே, நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழையும் வாங்கிக் கொடுங்கள். ஐந்தாம் வகுப்பு வந்ததும், இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறனறித் தேர்வை எழுதிப் பார்க்கலாம்.

மூன்றாம் வகுப்பு பாதி வரை இப்படிப் போகட்டும். அப்போதும் பள்ளிக்குக் கிளம்பவே பிடிக்காமல் இருந்தால் தலைமையாசிரியரிடம் டபுள் ப்ரமோஷன் பேச்சை எடுங்கள். வகுப்பு தாண்டி நன்றாக வந்த பிள்ளைகளும் உண்டு. அதற்கு முன்னால் அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், தோழிகளை விட்டுவிட்டுப் போகப்போவது அவள்தானே.