சுட்டதும் இறுகும் போல்ட்: கடைக்காரர் ஏமாற்றினாரா?

கேள்வி: வணக்கம் சார். நான் டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். போன மாதம் ஒரு கடையில் பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள் வாங்கினேன், மோசின்-நாகான்ட் 91/30, 1942இல் இஷெவ்ஸ்க்கில் செய்தது. கடையில் இழுத்துப் பார்த்தபோது போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும், கைப்பிடி வைத்த உருளை) நன்றாகத்தான் ஓடியது. ரேஞ்சில் பத்துப் பன்னிரண்டு ரவுண்டு சுட்டதும் கைப்பிடி மேலே வர மறுத்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர் மரக்கட்டையால் தட்டித்தான் திறந்தார். கடைக்காரரோ "பழைய பொருள், இருக்கிற நிலையில் விற்றது, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சுடாதபோது நன்றாக ஓடியது, சூடானதும் இறுகியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. போர் முடிந்த பிறகு இந்த ரைஃபிள்களைச் சோவியத் ஆயுதக் கிடங்குகளில் பழுதுபார்த்து, துருப்பிடிக்காமல் இருக்கக் கெட்டியான கிரீஸைப் பூசி, பெட்டியில் அடுக்கிப் பல வருடங்கள் வைத்திருந்தார்கள். இங்கே அதைக் காஸ்மோலின் என்பார்கள். விற்கும்போது வெளியே துடைத்துவிடுவார்கள், தோட்டா உட்காரும் சேம்பருக்குள் ஒரு படலம் அப்படியே தங்கிவிடும். பத்து ரவுண்டு சூட்டில் அது இளகிப் பசையாகிறது, சுடும்போது விரியும் தோட்டா உறை அதில் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் சுட்டது இரும்பு உறைத் தோட்டா என்றால் இன்னும் மோசம், பித்தளை அளவுக்கு இரும்பு திரும்பச் சுருங்காது. இதெல்லாம் கடையில் காலித் துப்பாக்கியை இழுத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது, அதனால் கடைக்காரர் மறைத்து விற்றார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முதலில் தோட்டாக்களை அடுக்கும் மேகசின் காலி, சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு வெறுமனே போல்டைத் தூக்கிப் பாருங்கள். இந்த ரைஃபிளில் கைப்பிடியைத் தூக்கும்போதுதான் உள்ளே தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியின் ஸ்பிரிங் அமுங்குகிறது, கைப்பிடியும் குட்டை, அதனால் கொஞ்சம் கெட்டியாக இருப்பது இயல்பு. காலியாக இருக்கும்போதே மல்லுக்கட்ட வேண்டியிருந்தால், போல்டுக்குள்ளும் கிரீஸ் உறைந்திருக்கலாம், பிரித்துக் கழுவ வேண்டும். காலியாக இருக்கும்போது சரி, சுட்ட பிறகு மட்டும் இறுக்கம் என்றால் முதல் சந்தேகம் சேம்பர்தான்.

போல்டைப் பின்னால் இழுத்து, டிரிகரை அழுத்திக்கொண்டே வெளியே எடுத்துவிட்டு, பின்பக்கமாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தமான சேம்பர் பளிச்சென்று இருக்கும், உங்களுடையதில் சுவரில் தேன் நிறத்தில் ஒரு பூச்சு தெரிந்தால் அதுதான் வில்லன். பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த வெண்கல பிரஷை, சேம்பருக்கு இறுக்கமாக வருகிற அளவில் வாங்கி, துண்டுக் கம்பியில் மாட்டி டிரில்லில் வைத்து மெதுவான வேகத்தில் சுற்றுங்கள். நடுநடுவே துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். முதல் துணி வெல்லப்பாகு நிறத்தில் வரும், வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. முடிந்ததும் நன்றாகத் துடைத்து லேசாக எண்ணெய், அடுத்த முறை சுடுமுன் அந்த எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும்.

இன்னொன்று. சோவியத் காலத்துப் பழைய தோட்டாவைச் சுட்டிருந்தால், அதன் பிரைமர், அதாவது உறையின் அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் சின்ன மூடி, உப்பை விட்டுவிட்டுப் போகும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துச் சீக்கிரமே துருவாக்கிவிடும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் எண்ணெய் போடுங்கள். துரு அரித்துச் சொரசொரத்துப் போன சேம்பரிலும் உறை இப்படித்தான் சிக்கும், அதற்கு எந்த பிரஷும் உதவாது.

அந்த மரக்கட்டை விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே இருப்பது சுட்ட உறைதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மென்மையாகத் தட்டலாம். வெடிக்காத தோட்டா உள்ளே சிக்கியிருந்தால் தட்டவே கூடாது, குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். அப்புறம், போல்டை உள்ளே பூட்டிப் பிடிக்கும் முன்பக்கக் காதுகளை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே உலோகம் போனால் தோட்டாவுக்கும் போல்டுக்கும் நடுவே இடைவெளி கூடும், உங்கள் முகத்துக்குப் பக்கத்திலேயே உறை கிழியலாம்.

சுத்தம் செய்த பிறகும் இறுகினால், அல்லது சுட்ட உறையின் பிரைமர் தட்டையாக நசுங்கியோ துளைபட்டோ இருந்தால், சுடுவதை நிறுத்திவிட்டு, துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்து அந்த இடைவெளியை, ஹெட்ஸ்பேஸ் என்பார்கள், கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். போல்ட்டிலும் குழலிலும் ஒரே எண் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், கிடங்கில் வேறு போல்டை மாட்டி எண்ணைப் புதிதாகக் குத்தியது நிறைய உண்டு. அளவு தவறு என்று வந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். "இருக்கிற நிலையில்" என்று பில்லில் இருக்கும்போது வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது, சுட்டால் ஆபத்து என்று கன்ஸ்மித் எழுதிக் கொடுத்த தாளைத் தள்ளிவிடுவது கடைக்காரருக்குக் கஷ்டம்.

அதுவரை கடையோடு சண்டை வேண்டாம். சேம்பரைச் சுத்தம் செய்துவிட்டு, பித்தளை உறை உள்ள புதுத் தோட்டா ஒரு பெட்டி வாங்கி, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டு, ஒவ்வொரு உறையையும் எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.