சூரிச் டு மிலான்: எந்த ட்ரெயின்ல போறது?

வணக்கம் சார்,

ஜூன்ல நானும் என் மனைவியும் சூரிச்ல இருந்து மிலான் போறோம். நேர் ட்ரெயின் மூணேகால் மணி நேரம்னு ஆப் காட்டுது. அவளோ பழைய மலைப்பாதை ட்ரெயின்லதான் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அதுல நேரமும் கூட, நடுவுல மாறவும் வேணும், பெட்டி தூக்கப்போறது நான்தானே! நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க. அப்புறம், பார்டர்ல பாஸ்போர்ட் செக்கிங் உண்டா?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

தீர்ப்பு உங்க வீட்டம்மா பக்கம்தான், மேல்முறையீடு கிடையாது.

நீங்க சொல்ற நேர் ட்ரெயின் கோத்தார்டு பேஸ் டனல் வழியா போகுது. 2016ல திறந்தது, 57 கிலோமீட்டர், உலகத்துலயே நீளமான ரயில் சுரங்கம். கட்டினவங்களுக்குக் கும்பிடு போடலாம், ஆனா ஜன்னல் சீட்டுக்காரங்களுக்கு என்ன மிச்சம்னா, சரியா ஆல்ப்ஸ் வர்ற இடத்துல இருவது நிமிஷம் இருட்டுக் கண்ணாடியில அவங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுக்கு எதுக்கு சுவிட்சர்லாந்து வரைக்கும் போகணும்?

உங்க மனைவி சொல்றது 1882ல ஓட ஆரம்பிச்ச பழைய பாதை. இப்ப அதுல ட்ரேனோ கோத்தார்டோனு செம்பு கலர்ல ஒரு ட்ரெயின் போகுது, ரிசர்வேஷன் கூட வேண்டாம், ஏறி வலது பக்கம் உக்காருங்க, ஏன்னா சூக் ஏரியும் அதுக்கப்புறம் லூசெர்ன் ஏரியோட தெற்குக் கையும் அந்தப் பக்கம்தான் வரும். எர்ஸ்ட்ஃபெல்ட் தாண்டினதும் ஏத்தம் ஆரம்பிக்கும். வாசென்னு ஒரு சின்ன ஊர், வெள்ளையா ஒரு சர்ச். முதல்ல அது தலைக்கு மேல எங்கயோ தெரியும், ட்ரெயின் மலைக்குள்ள ஒரு சுத்து சுத்தி வெளிய வந்தா அதே சர்ச் நம்ம மட்டத்துல நிக்கும், இன்னொரு தடவ உள்ள போயி வந்தா கீழ கிடக்கும். எதிரெதிர் சீட்டா பாத்து உக்காந்தீங்கன்னா யாரு முதல்ல கண்டுபிடிக்கறதுன்னு பந்தயம் கட்டலாம். நாங்க போனப்ப மூணு தடவையும் என் மனைவிதான் ஜெயிச்சா, நான் ஃபோன்ல கேமராவைத் தேடிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம்தான் 15 கிலோமீட்டர் பழைய சுரங்கம். இதுவும் இருட்டுதானேன்னு கேப்பீங்க. இருட்டுதான், ஆனா இந்த இருட்டுக்கு ஒரு கதை இருக்கு. கான்ட்ராக்ட் எடுத்த லூயி ஃபாவ்ர் 1879ல சுரங்கத்துக்குள்ளயே மாரடைப்புல செத்துப்போனாரு. அடுத்த வருஷம் பிப்ரவரில ரெண்டு பக்கமும் துளை சேந்தப்போ, மனுஷங்க யாரும் போறதுக்கு முன்னாடி அவரோட படத்த ஒரு தகரப் பெட்டியில வெச்சு ஓட்டை வழியா அனுப்பினாங்க. அவர் பேராவது நிக்குது. கூலிக்கு வந்தவங்க, பெரும்பாலும் இத்தாலிக்காரங்க, கிட்டத்தட்ட 200 பேர் செத்தாங்க, அது போக சுரங்கத்துச் சேத்துல பரவின கொக்கிப்புழு வேற, ரத்தம் வத்தி வெளுத்துப்போனவங்க ஏராளம். 1875ல வேலைநிறுத்தம் பண்ணினவங்க மேல சுரங்கத்தோட வடக்கு வாசல் ஊரான கோஷெனென்ல துப்பாக்கிச்சூடு, நாலு பேர் அவுட். மறுபக்கம் ஏரோலோ ஸ்டேஷன்கிட்ட வின்சென்சோ வேலா செஞ்ச சிற்பம் இருக்கு, செத்த தொழிலாளிய மத்தவங்க தூக்குக்கட்டில்ல சுமந்துட்டுப் போற மாதிரி.

ஏரோலோல இருந்து போர்டெல்லாம் இத்தாலியன். வடக்குல மழைனாலும் இந்தப் பக்கம் பல நாள் பளிச்சுனு வெயில் அடிக்கும்.

பெலின்சோனால இறங்கி மாறணும். அவசரப்படாதீங்க, மூணு கோட்டை இருக்கற ஊரு, யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. அதுல ஒண்ணு காஸ்டல்கிராண்டே, அங்க நடந்தே போகலாம், மேல ஏற பாறைக்குள்ளயே லிஃப்ட் வெச்சிருக்காங்க, முட்டிவலி சாக்கு செல்லாது. பெட்டி விஷயத்துக்கு ஒரே வழி, ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, அவங்கவங்க பெட்டிய அவங்கவங்களே. அங்கிருந்து மிலான் போற யூரோசிட்டி ட்ரெயினுக்கு மட்டும் சீட் ரிசர்வேஷன் கட்டாயம், முன்னாடியே போட்டுருங்க.

பாஸ்போர்ட்: ரெண்டு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான். ஆனா சுவிட்சர்லாந்து ஐரோப்பிய யூனியன்ல இல்ல, அதனால பார்டர் ஊரான கியாசோகிட்ட போலீஸோ கஸ்டம்ஸோ ஏறி சில பேரைக் கேக்கறதுண்டு. பெட்டிக்குள்ள பூட்டி ரேக்ல ஏத்திடாம கையோட வெச்சுக்குங்க, ரெண்டு பேரோடதையும் உங்க வீட்டம்மா கைப்பையிலயே.